செம்புச் சன்னம்

யூன் 8

இன்று நான் சொல்லாதது: "அத்தான், அந்தப் பெட்டியில் இருப்பது மானுக்கு உரிய சன்னம் இல்லை."

வாய்வரை வந்தது. அத்தானின் கராஜில் மூன்று பேர் நின்றோம்: அக்காவின் கணவர் கஜரூபன் அத்தான், வேட்டைக் குழுவின் தலைவர் ஸ்தைனார், நான். அத்தான் தன் இலக்கு அட்டையைச் சுவரில் குத்தி வைத்திருந்தார். நூறு மீற்றரிலிருந்து சுட்ட ஐந்து துளைகள். ஒரு நாணயத்தை வைத்தால் ஐந்தும் மறைந்துவிடும். ஸ்தைனார் குனிந்து பார்த்து விசிலடித்தார். கடையில் வாங்கும் ரவையால் இப்படிச் சுட முடியாது என்றார். அத்தானின் காதுவரை சிவந்தது. கோது, வெடிமருந்து, நுனியில் நிற்கும் சன்னம் என்று தனித்தனியாக வாங்கி, அவரே கைப்பிரஸ்ஸில் வைத்து அடைத்த ரவைகள் அவை.

"மாதுமைக்கும் நானே அடைத்துக் கொடுக்கப் போகிறேன்," என்று நோர்வேஜிய மொழியில் சொன்னார்.

"உனக்கு அதிர்ஷ்டம்," என்றார் ஸ்தைனார் என்னிடம்.

சன்னப் பெட்டியின் பக்கவாட்டில் பொடி எழுத்தில் ஒரு வரி இருந்தது: இலக்குச் சுடுதலுக்கு மட்டும், வேட்டைக்கு அல்ல. நான் அதை இரண்டு தடவை வாசித்தேன். குழுவில் ஆறு வருடமாக இருக்கும் ஒரே தமிழர் அத்தான். அவர் பேசித்தான் எனக்கும் இந்த வருடம் ஓர் இடம் கிடைத்தது. வெள்ளைக்காரர் முன்னால் அவரைத் திருத்தக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சொல்லாமலே தெரிந்திருந்தது. அதுதான் எனக்கு இப்போது கோபம்.

யூன் 9

அக்கா வீட்டுக்குப் போய்த் தனியாகச் சொன்னேன். அத்தான் பெட்டியைக் கையில் வாங்கிக்கூடப் பார்க்கவில்லை.

"என்ன மச்சாள், லைப்ரரி என்ன சொல்லுது?"

"பெட்டியிலயே எழுதியிருக்கு அத்தான். இது அட்டைக்குச் சுடுறது."

"நுனியைப் பார். ஓட்டை இருக்கெல்லோ? அது விரியிறதுக்குத்தான் விட்டிருக்கிறாங்கள்."

"அது செய்யேக்க மிஞ்சிற ஓட்டை. விரியிறதுக்கு இல்லை. சிலது ஊசி மாதிரி ஊடுருவிப் போகும், சிலது எலும்பில பட்டுத் தூளாப் போகும். எது எப்பிடிப் போகும் எண்டு செய்தவனுக்கே தெரியாது."

அத்தான் சிரித்தார். "போன வருசம் ரெண்டு மான் விழுந்தது. அதுகள் பெட்டியை வாசிக்கேல்லை போல."

அக்கா குசினியில் இருந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கு நான்காம் மாதம். எதை மணந்தாலும் ஓங்காளம். "ரெண்டு பேரும் கராஜுக்குப் போய்க் கதையுங்கோ. எனக்கு அந்த எண்ணெய் மணம் ஏலாது."

கதைக்க ஒன்றும் மிஞ்சவில்லை. எனக்கு அடைத்துத் தர வேண்டாம், நானே பழகிக்கொள்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன். அத்தான் முகம் சுருங்கியது. விரியும் சன்னத்தைப் பற்றிச் சொன்னபோது சுருங்காத முகம்.

யூன் 21

அம்மாவை முழங்காலுக்கு ஸ்கான் எடுக்கக் கூட்டிப்போனேன். தாதி வழக்கமான கேள்விகளைக் கேட்டாள். உடம்பில் உலோகம் ஏதும் உண்டா?

"இருக்கோ எண்டு கேக்கிறா அம்மா."

"ஓம் எண்டு சொல்லு. இடத்தோளில ஷெல் துண்டு."

எத்தனை என்று தாதி கேட்டாள். தெரியாது என்றேன். அப்படியானால் காந்த ஸ்கான் செய்ய முடியாது, முதலில் எக்ஸ்றே எடுத்துப் பார்க்க வேண்டும் என்றாள். எடுத்தார்கள். திரையில் அம்மாவின் தோள், அதற்குள் வெள்ளை வெள்ளையாய்ப் பொரி. சிறியவற்றை எண்ண முடியாது என்று வைத்தியர் சொன்னார். அம்மா திரையை ஒருமுறை பார்த்துவிட்டுத் தன் பையின் ஸிப்பைச் சரிசெய்தார்.

திரும்பும் வழியில் பால், உருளைக்கிழங்கு, அம்மாவின் இரத்த அழுத்த மாத்திரை.

யூலை 2

பார்மசியில் வேலை செய்வதால் நிறுப்பதும் அளப்பதும் எனக்குப் பழக்கம். ரவை அடைப்பதும் அதே வேலைதான். கடினம் சன்னத்தைத் தெரிவுசெய்வதில்.

மூன்று வாரமாக வாசித்ததை இங்கே சுருக்கி வைக்கிறேன். சாதாரண வேட்டைச் சன்னம் ஈயத்தின் மேல் மெல்லிய செம்புத் தோல் போர்த்தது. மலிவு, நன்றாக விரியும், ஆனால் எலும்பில் பட்டால் ஈயம் சிதறி இறைச்சிக்குள் சாண் கணக்கில் ஓடும். அடுத்தது, ஈயத்தையும் தோலையும் உருக்கி ஒட்டியது. சிதறல் குறைவு, விலை கூட. மூன்றாவது முழுச் செம்பு. முன்பக்கம் இதழாகப் பிரிந்து விரியும், பின்பக்கம் அப்படியே நிற்கும், துண்டு கழலாது. ஆனால் போதிய வேகம் இல்லாவிட்டால் விரியாது. ஈயத்தைவிட நீளமானது, கோதுக்குள் கூடிய இடம் பிடிக்கும். அதனால் ஈயச் சன்னத்தின் மருந்தளவை இதற்குப் போடக் கூடாது. அதற்கென்று வெளியிட்ட அட்டவணையில் மிகக் குறைந்த அளவிலிருந்து தொடங்க வேண்டும். தூரத்து மானுக்குச் சுடவும் கூடாது.

பழக வருபவர்கள் எல்லோரும் அட்டையைப் பார்த்துத்தான் சன்னத்தைத் தெரிவுசெய்வார்கள் என்று ஒரு கையேட்டில் எழுதியிருந்தது. துளைகள் எவ்வளவு நெருக்கமோ அவ்வளவு நல்லது என்று நினைப்பார்கள். அட்டைக்கு எலும்பு இல்லை. ஓடாது.

நாவல்களில் மான் எப்போதும் ஒரே வெடியில் சாய்ந்துவிடுகிறது. எழுதியவர்களில் எத்தனை பேர் பின்னால் போய்ப் பார்த்தார்கள்?

செம்பு வாங்கினேன்.

யூலை 13

பழைய பிரஸ் ஒன்று விலைக்கு வந்தது. அம்மாவின் தையல் மேசையின் விளிம்பில் பூட்டினேன். அம்மா தன் மெஷினைக் கட்டிலுக்கு அருகே நகர்த்திக்கொண்டார். பிறகு கதிரையை எடுத்து வந்து பக்கத்தில் இருந்தார்.

வெடித்த கோதுகளைத் துடைத்து, அடியில் பொறி தரும் பழைய பிரைமரைத் தள்ளி எடுத்து, நீளம் அளந்து, புதிய பிரைமர் பொருத்தி, தராசில் மருந்து நிறுத்து ஊற்றினேன். கடைசியாகச் சன்னத்தைக் கோதின் வாயில் நிறுத்திப் பிரஸ்ஸின் கைபிடியை இறக்கினேன். அம்மா ஒரு சன்னத்தைக் கையில் எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"இது உடையுமோ?"

"உடையாது அம்மா. விரியும். துண்டு போகாது."

"வடிவாத் தெரியுமோ?"

"அப்பிடித்தான் எழுதியிருக்கு."

"எழுதினவைக்கென்ன," என்று சொல்லிவிட்டுச் சன்னத்தை இருந்த இடத்திலேயே வைத்தார்.

ஓகஸ்ட் 4

எழுதியிருப்பதை நம்பாமல் செய்து பார்த்தேன். பழைய பத்திரிகைகளை இரண்டு நாள் தண்ணீரில் ஊறவைத்து, கட்டுக் கட்டாகக் கட்டி, சுடுதளத்துக்குக் கொண்டுபோனேன். அத்தானும் வந்தார். வேடிக்கை பார்க்க.

என் செம்பு ஈரத் தாளில் முழங்கை நீளம் போய் நின்றது. பிரித்து எடுத்தேன். நான்கு இதழ், ஒன்றுகூடக் கழலவில்லை. வீட்டுக்கு வந்து நிறுத்தேன். போன நிறையே திரும்பி வந்திருந்தது.

அத்தானின் முதற் சன்னம் கட்டை ஊடுருவிப் பின்னால் மண்மேட்டில் புதைந்தது. விரிந்ததற்கு அடையாளமே இல்லை. இரண்டாவதற்கு நடுவில் ஒரு சமையல் எலும்பை வைத்தேன். தாள் முழுவதும் மிளகாய்த் தூள் தூவியதுபோல ஈயப்பொடி.

"பார்த்தீங்களோ?"

"கடதாசியைச் சுட்டு மானைக் கண்டுபிடிச்சிருக்கிறாள் என்ர மச்சாள்," என்றார் அத்தான். பக்கத்துத் தடத்தில் நின்ற நோர்வேஜியர்களுக்கு அதையே மொழிபெயர்த்தும் சொன்னார். சிரித்தார்கள். நல்ல மனிதர்கள். வேண்டுமென்று சிரிக்கவில்லை.

விரிந்த என் சன்னத்தை அம்மா பொத்தான் பேணிக்குள் போட்டு வைத்தார்.

ஓகஸ்ட் 20

வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அம்மாவுக்கு வேட்டைச் சட்டத்தை மொழிபெயர்த்துச் சொன்னேன். விரியும் சன்னத்தால் மட்டும் சுடலாம், மான் கெதியாகச் சாக வேண்டும். காயப்பட்டால் சுட்டவர் தேடிப்போக வேண்டும். அன்றைக்குக் கிடைக்காவிட்டால் அடுத்த நாளும் தேட வேண்டும். பழக்கிய நாய் வேண்டும். அதிகாரிகளுக்கு அறிவிக்க வேண்டும்.

"மானுக்கோ?"

"ஓம்."

"எழுதியே வைச்சிருக்கினம்?"

"ஓம் அம்மா."

அம்மா அடுத்த வெங்காயத்தை எடுத்தார்.

செப்டெம்பர் 7

வேட்டைக்கு முந்திய சுடுபரீட்சையில் நான் சித்தி. அத்தானும் சித்தி. அவருடைய ஐந்தும் நாணயத்துக்குள். என்னுடையவை தேநீர்ச் சாசருக்குள். ஸ்தைனார் அவரைக் கைகொடுத்து வாழ்த்தினார். என் தோளில் தட்டினார்.

ஒக்டோபர் 5

நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

ஃபியோர்ட் கடற்கழிக்கு மேலே உள்ள சதுப்பில் எங்களை நிறுத்தினார்கள். கீழே கல்வேலியோடு அத்தான். நூற்றைம்பது மீற்றர் மேலே, பேர்ச் மரத்தடியில் நான். நாய்கள் எதிர்ச் சரிவில் குரைத்தன. பிற்பகல், மழை விட்டிருந்தது. பைன் மரங்களுக்குள்ளிருந்து ஒரு பெண்மான் வந்து சதுப்பின் நடுவில் நின்றது. எங்கள் இருவருக்கும் அதன் வலப்பக்கம் தெரிந்தது. அத்தான் சுட்டார். மான் முன்பக்கமாக மடிந்தது, எழும்பியது. வலது முன்கால் தோளிலிருந்து தொங்கி ஆடியது. அந்த ஆட்டத்தோடு என்னைக் கடந்து ஓடியது.

அதை முடித்துவிட வேண்டும் என்று சுட்டேன். தவறியது. மானுக்கு அப்பால் பாசி கிளம்பியதை நான் கண்டேன். மான் ஆல்டர்ப் பற்றைக்குள் மறைந்தது.

கைவானொலியில் ஸ்தைனார்: "யார் சுட்டது?"

அத்தான் முந்திக்கொண்டார். "இருவரும். என்னுடையது மேலால் போய்விட்டது. மாதுமையுடையது பட்டது."

ஒரு கணம் எனக்கு மொழி விளங்கவில்லை. பிறகு பொத்தானை அழுத்தினேன். "என் வெடிக்கு முன்பே அதன் கால் முறிந்திருந்தது. நான் பார்த்தேன்."

"சரி, பிறகு பார்ப்போம். அசையாமல் நில்லுங்கள்," என்றார் ஸ்தைனார். வந்தார். இரத்தம் இருந்தது. சுட்ட இடம் எது என்று விசாரித்தார். அத்தானைக் கேட்டார். நான் பக்கத்தில் நின்றேன். அத்தான் கையை நீட்டிச் சாவதானமாக விளக்கினார். என்னைப் பார்க்கவில்லை. நான் இன்னொருமுறை சொன்னேன். ஸ்தைனார் தலையாட்டினார், குழந்தைக்கு ஆட்டுவதுபோல. முதல் வருடம் எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்றார்.

நாய்க்காரி குன்வோர் வந்தாள். இருட்டிவிட்டது. இப்போது துரத்தினால் இன்னும் தூரம் ஓடும், விடியத் தொடங்குவோம் என்றாள்.

காரில் அத்தானிடம் கேட்டேன்: "ஏன் அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"சொன்னது சொன்னதுதான். நீ புதுசு, உனக்கு ஒண்டும் வராது. என்ர ரவையைத் திறந்து பாத்தாங்களெண்டால் துவக்கு லைசென்ஸும் போம், ஆறு வருசமும் போம்." பிறகு வைப்பரைப் போட்டார். மழை இல்லை.

ஆக, அவருக்குத் தெரியும். யூன் மாதமே தெரிந்திருக்கிறது.

ஒக்டோபர் 6

காலையில் குன்வோரின் நாய் மணம் பிடித்துப் போனது. மான் ஓடைக்கரையில் நின்றது. நின்றுகொண்டிருந்தது. படுத்திருக்கும் என்று நினைத்தேன். படுத்தால் எழும்ப முடியாது என்று அதற்குத் தெரிந்திருக்க வேண்டும். குன்வோர் கிட்டப் போய் ஒரே வெடியில் முடித்தாள்.

தோளில் கைமுட்டி போகும் அளவு குழி. நான் குந்திப் பார்க்க விரும்பினேன். ஸ்தைனார் என்னை மெல்ல விலக்கி, "இதை நீ பார்க்க வேண்டாம்," என்றார். அன்பாகத்தான். அந்த அன்பைப் பிடித்து ஓடைக்குள் எறியலாம் போலிருந்தது.

பார்மசியில் பிற்பகல் முறை. இறைச்சிக் கொட்டிலில் தோலுரிக்கும்போது நான் இல்லை.

ஒக்டோபர் 7

ஸ்தைனார் தொலைபேசியில். மற்றவர்களோடு கதைத்தாராம். இந்தப் பருவம் முழுவதும் நான் துவக்கில்லாமல் நாய்களோடு நடக்கலாம். அடுத்த வருடம் கடை ரவையோடு வரலாம். "வீட்டில் அடைப்பது அனுபவம் உள்ளவர்களுக்கு. கஜரூபனைக் கேள், அவன் சொல்லித் தருவான்."

என்னுடையது செம்பு, அது சிதறாது, காயத்தைப் பார்த்தாலே தெரியும் என்றேன்.

"சன்னம் சன்னம்தான், மாதுமை," என்றார். முப்பது வருடமாக ஈயத்தால் சுடுகிறவர். அவர் அறிந்த எல்லாச் சன்னமும் சிதறும்.

ஒக்டோபர் 8

அக்கா.

"நீ அதைக் கிண்டாதை மது. அவருக்கு இஞ்ச வேற ஆர் இருக்கினம்? அந்தக் குழு ஒண்டுதான்."

"எனக்கு?"

"உனக்கு ஒரு பொழுதுபோக்கு. அடுத்த வருசம் வேற ஒண்டு பிடிப்பாய். நீ வாசிக்காத சாமானோ?"

"அந்த மான் ஒரு இரவு முழுக்க நிண்டது அக்கா."

"மானுக்காகவோ இந்தச் சண்டை?"

வயிற்றில் பிள்ளை, கத்தக் கூடாது என்று அம்மா கையால் சைகை காட்டிக்கொண்டிருந்தார். நான் கத்தவும் இல்லை. நான் கத்துகிறவள் என்று எங்கள் வீட்டில் எப்போது முடிவானது?

ஒக்டோபர் 14

இறைச்சி பங்கிட்டார்கள். எங்கள் குழுவின் வழக்கம் இது: துண்டுகளைச் சம குவியல்களாக மேசையில் வைப்பார்கள். ஒருவர் சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்பார். இன்னொருவர் ஒரு குவியலைத் தொட்டு "இது யாருக்கு?" என்று கேட்பார். திரும்பி நிற்பவர் ஒரு பெயர் சொல்வார். பார்க்காமல் சொல்வதால் யாரும் யாரையும் குறைசொல்ல முடியாது. பேராசைக்கு இடம் வைக்காத முறை. முதல்முறை கேட்டபோது எனக்கு இந்த மனிதர்களை மிகவும் பிடித்துப் போனது.

இன்று அத்தான் சுவரைப் பார்த்து நின்றார். கடைசிக்கு முந்திய குவியலில் அந்த மானின் வலத்தோளில் வெட்டி எறிந்தது போக மிஞ்சியது இருந்தது. "இது யாருக்கு?"

ஒருவன் சொன்னான்: "கேட்கவே வேண்டாம். உடைத்தவளே சாப்பிடட்டும்."

சிரிப்பு. அத்தான் சுவரைப் பார்த்தபடியே "மாதுமைக்கு," என்றார். அவர் தோள்களும் குலுங்கின.

பையை வாங்கிக்கொண்டு நன்றி சொன்னேன். இங்கே நன்றி சொல்லாமல் எதையும் வாங்கக் கூடாது.

ஒக்டோபர் 20

ஞாயிறு. அக்காவும் அத்தானும் சாப்பிட வந்தார்கள். மான் கறி வேண்டும் என்று அக்கா போன கிழமையே அம்மாவிடம் சொல்லி வைத்திருந்தாள். இப்போது ஓங்காளம் இல்லை, நல்ல பசி.

காலையில் அம்மா என்னை எழுப்பவில்லை. நான் குசினிக்குள் போனபோது தோள் இறைச்சி பலகையில் விரிந்து கிடந்தது. அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கத்தி நுனியால் கிண்டிக் கிண்டி எதையோ எடுத்து ஒரு சாசரில் போட்டுக்கொண்டிருந்தார். சாம்பல் நிறம். சிலது அரிசிக் குறுணி அளவு, சிலது அதிலும் சிறிது. காகிதம்போல் மெல்லிய செம்புத் தோல் கிழிசல்கள் இரண்டு.

"உன்ர உடையாது எண்டெல்லோ சொன்னனி," என்றார்.

"ஓம்."

"அப்ப இது ஆரின்ர?"

அவருக்குத் தெரிந்திருந்தது. என்னைச் சொல்லவைக்கக் கேட்டார். வானொலி, ஸ்தைனார், கார் எல்லாவற்றையும் சொன்னேன். இதுவரை அம்மாவுக்கு முழுதாகச் சொல்லியிருக்கவில்லை. அம்மா அந்த இறைச்சி முழுவதையும் பையில் கட்டி வாளிக்குள் போட்டார். கடையில் ஆட்டிறைச்சி வாங்கி வரச் சொன்னார்.

மேசையில் சோறு, ஆட்டுக்கறி, கத்தரிக்காய், சொதி. அத்தானின் கோப்பைக்குப் பக்கத்தில் சாசர்.

"இதென்ன மாமி, எலும்போ?"

"நகத்தால அமத்திப் பாருங்கோ தம்பி. எலும்பெண்டால் நசியாது."

அத்தான் அமத்தினார். நகத்தின் அடையாளம் விழுந்தது. கையை எடுத்துவிட்டார். அம்மா பொத்தான் பேணியைத் திறந்து விரிந்த செம்பை எடுத்து, சாசருக்குப் பக்கத்தில் வைத்தார். நான்கு இதழும் மேலே பார்க்க.

"இது இவளின்ர. ஒரு துண்டும் குறையேல்லை, நிறுத்துப் பாத்தவள். அது மான்ர தோளுக்குள்ள இருந்து நான் எடுத்தது. இனியும் இவளின்ர எண்டு சொல்லுவியளோ?"

"அம்மா, சாப்பாட்டு மேசையில என்ன இது," என்றாள் அக்கா.

"உனக்குத் தரச்சொல்லிக் கேட்ட இறைச்சிக்குள்ள இருந்தது பிள்ளை. எல்லாத்தையும் எடுத்து முடிக்கேலாது. எடுத்தாலும் கொஞ்சம் நிக்கும்." அம்மாவின் வலக்கை தன்பாட்டில் இடத்தோளுக்குப் போய்த் திரும்பியது.

யாரும் சாப்பிடவில்லை. கடைசியில் அத்தான், "சரி, என்ரை எண்டே வைப்பம். இப்ப நான் என்ன செய்யோணும்?" என்றார்.

"ஸ்தைனாருக்கு ஒரு போன் எடுங்கோ," என்றேன்.

"அதுமட்டும் ஏலாது மது."

"ஏலாதோ, மாட்டியளோ?"

அக்கா எழும்பிக் கோட்டைப் போட்டாள். வாசலில் என்னைப் பார்த்துச் சொன்னாள்: "உனக்கு வெல்லோணும். சின்னனில இருந்தே." கறி மேசையிலேயே ஆறிக் கிடந்தது. பிறகு அம்மாவும் நானும் கொஞ்சம் சாப்பிட்டோம்.

ஒக்டோபர் 23

மூன்று நாள் அத்தானுக்கு அவகாசம் கொடுத்தேன். அவரிடமிருந்து ஒன்றும் வரவில்லை. இன்று வேலை முடிந்து ஸ்தைனாரிடம் போனேன். அம்மாவும் வந்தார். காரிலேயே இருக்கச் சொன்னேன், இருக்கவில்லை.

ஸ்தைனார் எங்களைக் குசினியில் இருத்திக் கோப்பி ஊற்றினார். சாசரையும் செம்பையும் மேசையில் வைத்தேன். என் ரவை ஒன்றையும் அத்தானின் ரவை ஒன்றையும் பக்கத்தில் வைத்தேன். ஓகஸ்டில் அத்தான் சுடாமல் என் பையில் போட்டுவிட்ட ஒன்று அது. என்ன சன்னம் என்று சொன்னேன். பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது என்று சொன்னேன்.

ஸ்தைனார் கண்ணாடியை மாற்றிப் போட்டு நீண்ட நேரம் பார்த்தார். ஈயத் துண்டொன்றை விரலில் உருட்டினார். அவர் முட்டாள் இல்லை.

"இதை ஏன் அன்றைக்கே சொல்லவில்லை?"

"சொன்னேன். வானொலியில் ஒருமுறை, சதுப்பில் ஒருமுறை, தொலைபேசியில் ஒருமுறை. நீங்கள் அவரைத்தான் கேட்டீர்கள்."

அவர் கழுத்து சிவந்தது. இது கடினமான விடயம், ஒரே குடும்பம், குழுவில் கதைக்க வேண்டும் என்றார்.

அம்மாவுக்கு அவ்வளவு நோர்வேஜிய மொழி வராது. ஆனால் எழும்பும்போது சாசரைத் திருப்பி எடுக்கவில்லை. அது எங்கள் வீட்டுச் சாசர், ஆறில் ஒன்று. "கிடக்கட்டும்," என்றார். "பாத்துக்கொண்டிருக்கட்டும்."

நவம்பர் 9

ஸ்தைனாரிடமிருந்து குறுஞ்செய்தி. மரியாதையாக எழுதியிருந்தார். குழு ஒருமனதாக முடிவெடுத்ததாம். கஜரூபனின் இடம் இரத்து. என் மேல் எந்தக் குற்றமும் இல்லை, அதை எல்லோருக்கும் தெளிவாகச் சொல்லிவிட்டாராம். ஆனால் குழுவின் அமைதி முக்கியம். குடும்பப் பிரச்சினை காட்டுக்குள் வந்தால் ஆபத்து. ஆகவே என் இடமும் இந்த வருடத்தோடு முடிகிறது. நான் புரிந்துகொள்வேன் என்று நம்புகிறாராம்.

குடும்பப் பிரச்சினை. சட்டம் தடுத்த சன்னத்தால் ஒருவர் சுட்டு, பொய் சொன்னார். குழு அதை நம்பியது. குற்றம் இல்லை என்று சொல்லிக்கொண்டே என்னைக் கதவுக்கு வெளியே விடுகிறார்கள், வாழ்த்தோடு. நான் மூன்று பதில் எழுதி அழித்தேன். நான்காவதை அனுப்பினேன்: "புரியவில்லை."

பதில் வரவில்லை.

நவம்பர் 10

அடைத்து வைத்த ரவைகளை எண்ணெய்த் துணியால் துடைத்துப் பெட்டியில் வைத்தேன். அம்மா மெஷினைப் பழைய இடத்துக்கு நகர்த்தட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

டிசெம்பர் 2

அக்காவுக்கு நேற்று மகள் பிறந்தாள். அம்மா போய்ப் பார்த்துவிட்டு வந்தார். அம்மாவின் சாயலாம். என்னை வரச்சொல்லவில்லை. தொட்டிலுக்கு நான் தைத்த விரிப்பை அம்மா கொண்டுபோனார், திருப்பிக் கொண்டுவரவில்லை. விரித்தார்களா என்று கேட்டேன். "மடிச்சு வைச்சிருக்கினம்," என்றார்.

மார்ச் 15

உள்ளூர்ப் பத்திரிகையின் ஏழாம் பக்கத்தில் ஸ்தைனாரின் பெயரோடு விளம்பரம் வந்திருக்கிறது. குழுவில் இரண்டு இடம் காலி. விண்ணப்பிப்பவர்கள் செம்புச் சன்னம் மட்டுமே பாவிக்க வேண்டும்.